முதல் நாள் சாகாமம் வரை போதும்

கல்முனையில் சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலை விட்டு இறங்கும் நேரந்தான் நெடும்பயணத்துக்குச் சைக்கிளை வெளியே எடுக்கத் தோதான நேரம். பேக்கரிகளில் பாண் வேகும் வாசம் தெரு முனை வரை வந்திருக்கும். பிரதான வீதியில் ஒன்றிரண்டு பஸ்கள்தான் ஓடும். கடற்பக்கம் மெல்ல வெளுத்துக்கொண்டு வரும். பின் கெரியரில் இரண்டு பக்கமும் பை, அதற்கு மேலே சுருட்டிய கூடாரம், சட்டத்தில் தண்ணீர்ப் போத்தல். இந்தக் கோலத்தில் ஒருவர் வீதியில் இறங்கினால் முதல் தேநீர்க் கடையைத் தாண்டுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"எங்க மகன், தனியாவா?"

இலங்கையைச் சுற்றி வரப் போகிறேன் என்று சொன்னால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். பிளேன்டீயை முன்னே வைத்துவிட்டு இரண்டாவது கேள்வியைக் கேட்பார்: "அப்ப இண்டைக்கு எவடம் மட்டும்?"

தனியே சைக்கிளில் கிளம்புகிறவர்களில் பலர் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பிழையான பதிலை வைத்திருக்கிறார்கள். பொத்துவில் என்பார்கள். கால் வலுவை நம்புகிறவர்கள் மொனராகலை என்றும் சொல்வார்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாக மொனராகலைக்கும் இரத்தினபுரிக்கும் போய்க் கொழும்பில் முடிகிற ஏ4 வீதியின் வரைபடத்தைப் பார்த்தால் அந்த ஆசை வரத்தான் செய்யும். கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மலை கிடையாது, பெரிய ஏற்றம் கிடையாது. வெறும் சைக்கிளில் போகிற இளைஞர் பத்து மணிக்குள்ளேயே பொத்துவிலை அடுத்த அருகம்பையில் கடல் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. கூடாரம், பாய், சமைக்கும் அடுப்பு, தண்ணீர், உடுப்பு, திருத்தும் சாமான் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோ வந்துவிடும். முதல் ஒரு மணித்தியாலம் உற்சாகத்தில் ஓடும். பிறகு இருக்கை உறுத்தத் தொடங்கும், மணிக்கட்டு மரத்துப்போகும், பின் சில்லுக் கம்பிகளில் ஒன்று "டிங்" என்று ஒரு சத்தம் போடும். வீட்டு முற்றத்தில் கட்டிய சுமையில் எது ஆடுகிறது, எது உரசுகிறது, எது தேவையில்லாதது என்று தெரிந்துகொள்வதற்கான நாள்தான் முதல் நாள். அந்த நாளை 40 கிலோமீற்றருக்கு மேல் நீட்டத் தேவையில்லை. கல்முனையிலிருந்து அந்தத் தூரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய, திருக்கோவில் பக்கம் கடலை விட்டு உள்ளே தள்ளி, சாகாமக் குளம் இருக்கிறது.

சுமையின் பாடத்தை முதலில் படித்தவர்களில் ஒருவர் ஆனி லண்டன்டெரி. மூன்று பிள்ளைகளின் தாய். 1894 ஜூன் மாதம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து உலகத்தைச் சுற்றப் புறப்பட்டபோது நீண்ட பாவாடை உடுத்தியிருந்தார். அவருடைய சைக்கிளின் எடை மட்டும் 42 இறாத்தல், அதாவது 19 கிலோ. சிக்காகோ போய்ச் சேர்வதற்குள் நல்ல காலம் கழிந்து, குளிர்காலம் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே அந்தச் சைக்கிளை விட்டுவிட்டு அதில் பாதி எடையுள்ள, 21 இறாத்தல் ஆண்கள் சைக்கிள் ஒன்றை எடுத்தார். பாவாடையையும் மாற்றினார். அதற்குப் பிறகுதான் பயணம் ஒழுங்காக நடந்தது. அடுத்த ஆண்டு கப்பலில் கிழக்கே வந்தபோது கொழும்புத் துறைமுகமும் அவர் பாதையில் இருந்தது.

அயர்லாந்தின் டேர்வ்லா மேர்ஃபி இன்னும் ஒரு படி மேலே போனார். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலகப்பட நூலும் கிடைத்தபோதே இந்தியாவுக்குச் சைக்கிளில் போவதென்று முடிவெடுத்தவர் அவர். 1963 ஜனவரியில், ஐரோப்பா பனியில் உறைந்து கிடந்த நேரத்தில் புறப்பட்டார். "ரொஸ்" என்று பெயர் வைத்திருந்த சைக்கிளிலிருந்து மூன்று வேக கியரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டார். கரடுமுரடான பாதையில் அது பழுதானால் திருத்த ஆள் கிடைக்காது என்பது அவர் கணக்கு. மாற்று டயர்களைச் சுமக்காமல், வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். அதே ஆண்டு ஜூலையில் டில்லியை அடைந்தார்.

ஆசியாவில் சைக்கிளில் உலகம் சுற்றும் பயணம் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகம் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களில் அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா என்ற மூவர் மட்டுமே 1928இல் சுற்றை முடித்துத் திரும்பினார்கள். சில்ஹெட் பக்கத்து இராம்நாத் பிஸ்வாஸ் 1931 ஜூலையில் தன்னந்தனியாகச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பினார். அவர் முதலில் மிதித்தது மலாயாவின் வெக்கையில். அம்பாறைக் கரையிலிருந்து கிளம்புகிறவர் தனக்கு ஒரு முன்னோரைத் தேடினால் பனியில் மிதித்த மேர்ஃபியைவிட பிஸ்வாஸ்தான் நெருங்கியவர்.

ஆனால் சுமை கட்டுகிற வித்தையைக் கற்க பொஸ்டனுக்கும் பம்பாய்க்கும் போகத் தேவையில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் விடியற்காலை மீன் ஏற்றுகிற சைக்கிள்காரரை ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். பெட்டியின் அடிப்பாகம் கெரியரை விட்டுப் பின்னால் அதிகம் நீளாது. நீண்டால் முன் சில்லு தூக்கும், ஹாண்டில் ஆடும். பாரமானது அடியில், சில்லின் நடுக்கோட்டில் விழும்படி இருக்கும். கட்டுவதற்கு அவர் கயிறு எடுப்பதில்லை. பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய கறுப்புப் பட்டி ஒன்று. ஒரு முனையைக் கெரியர்க் கம்பியில் கொளுவி, காலால் பெட்டியை உதைத்துப் பிடித்துக்கொண்டு, பட்டியை இழுத்து இழுத்து மூன்று சுற்றுச் சுற்றி, மிஞ்சிய நுனியைத் தனக்குள்ளேயே சொருகிவிடுவார். கயிறு தளரும். டியூப் பட்டி குலுக்கினாலும் இறுக்கம் விடாது. பிறகு சைக்கிளை இரண்டு தரம் நிலத்தில் தட்டிப் பார்ப்பார். எதுவும் கடகடக்காவிட்டால் ஏறிவிடுவார். ஆயிரக்கணக்கில் விலை போகும் பயணப் பைகளைவிட அந்த டியூப் பட்டி நம்பிக்கையானது. இரண்டு பட்டிகளைச் சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

சைக்கிள் இந்தக் கரைக்குப் புதிய பொருளும் அல்ல. வட்டைக்கு மண்வெட்டியோடு போகிற விவசாயி, பாடசாலைக்குப் போகிற மாணவிகள், ஆசிரியைகள் என்று தட்டையான நிலமெங்கும் சைக்கிள்தான். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டபோது, சாய்ப்புகளில் தூசி படிந்து கிடந்த சைக்கிள்கள் எல்லாம் மறுபடி வீதிக்கு வந்தன. இந்தக் கரையில் எந்தச் சந்தியிலும் ஒட்டுப் போட ஆள் இருக்கும், காற்று அடிக்கப் பம்ப் இருக்கும். அந்த வகையில் முதல் நாளுக்கு இதைவிட நல்ல வீதி நாட்டில் அதிகம் இல்லை.

வீதியைப் பார்ப்போம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், அட்டப்பள்ளம், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. பெயர்ப்பலகை இல்லாவிட்டால் ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்த ஊர் எங்கே தொடங்கியது என்று பல இடங்களில் சொல்ல முடியாது. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் கிடக்கும் ஒடுக்கமான மணல் மேட்டில்தான் இத்தனை சனமும் வாழ்கிறது. மதிலோடு மதில், கடையோடு கடை. இடையில் காரைதீவு, விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். ஒலுவிலில் 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம். களியோடை ஆற்றைக் கடக்கும்போது காற்றில் ஈரம் தெரியும். கூடாரம் போட ஒரு வெறும் நிலத்தை இந்த 25 கிலோமீற்றரில் தேடினால் கிடைக்காது.

கடற்கரை இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரத் தெருக்கள் அப்படியே துடைத்தெடுக்கப்பட்டன. அந்த மணலில் இரவில் தனியே விளக்கெரிகிற கூடாரத்தைப் பார்த்தால் யாராவது எழுந்து வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள், விசாரிக்கவும் வேண்டும். அதோடு விடியற்காலை தோணிகள் கரையேறும் இடம் அது. மீனவரின் தொழில் இடத்தை மறித்துக்கொண்டு படுப்பது மரியாதையும் ஆகாது.

வெள்ளிக்கிழமை புறப்படுகிறவருக்கு ஒரு குறிப்பு. ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். பன்னிரண்டு மணிக்கு அக்கரைப்பற்றில் சோறு சாப்பிடலாம் என்று வந்தால் ஒன்றரை மணிவரை காத்திருக்க நேரும். நோன்பு மாதமென்றால் முஸ்லிம் ஊர்களில் பகலில் சாப்பாட்டுக் கடை திறந்திருப்பது அரிது. ஆனால் நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் போன எந்த வழிப்போக்கரும் கஞ்சி இல்லாமல் திரும்பியதில்லை.

இனி காற்று. மே மாதம் தொட்டு ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் வீசும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வெறும் வெக்கையாக வரும் காற்று. காலையில் அது இருக்கிற இடம் தெரியாது. பத்து, பதினொரு மணிக்குப் பிறகு எழும்பும். கடலோர வீதியில் தெற்கே போகும்போது வலப்பக்கத்தில் அடிக்கும். பக்கப் பைகள் பாய்போலக் காற்றைப் பிடித்து ஹாண்டிலை இடப்பக்கம் தள்ளும். அக்கரைப்பற்றில் சாகாம வீதிக்குத் திரும்பினால் நேரே முகத்தில் அடிக்கும். கடைசி 15 கிலோமீற்றர்தான் முந்திய 25 கிலோமீற்றரை விடக் கடினம். அனுபவமில்லாதவர் இந்த இடத்தில் பற்களைக் கடித்துக்கொண்டு மிதிப்பார். தெரிந்தவர் பதினொரு மணிக்கு அக்கரைப்பற்றில் நிழல் பார்த்து உட்கார்ந்து, சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்து, வெயில் சற்றுச் சாயத் தொடங்கியதும் ஏறுவார். நான்கு மணிக்கு முன் குளத்தடியில் இறங்கினால் சரி.

ஏன் நான்கு மணி? யானை.

அக்கரைப்பற்றைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். மதில்கள் தீர்ந்து வயல் வெளி திறக்கும். நீர்க்காகங்கள் இறகை விரித்து உலர்த்தும். சாகாமக் குளத்துக் கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அந்தத் தண்ணீரில் விளைகிற வட்டை, தூரத்தில் காடு. சிறுபோகத்து நெல் பழுக்கிற காலத்தில் காடு இரவில் வயலுக்கு இறங்கி வரும். பரணில் காவல் இருப்பவர்கள் வைக்கும் யானை வெடி இரவில் இரண்டு மூன்று தரமாவது கேட்கும். இலங்கையில் அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு நூறு பேருக்கு மேல் யானையால் இறக்கிறார்கள். மனிதரால் இறக்கும் யானைகள் அதைவிட அதிகம். இந்தக் கணக்கில் கூடாரத் துணி ஒரு தடுப்பே இல்லை. உப்பு, அரிசி, பழம் எல்லாவற்றையும் யானை தூரத்திலேயே மணந்துவிடும்.

ஆகவே குளக்கட்டில் அழகான இடம் பார்த்துக் கூடாரம் அடிப்பது சாகாமத்தில் செய்யக்கூடாத முதல் காரியம். யானை தண்ணீருக்கு இறங்கும் தடம் எது என்று வெளியூர்க் கண்ணுக்குத் தெரியாது. கட்டில் போகிற முதல் பெரியவரிடம் சைக்கிளை நிறுத்தி இறங்கிக் கேட்க வேண்டும். சைக்கிளில் இருந்தபடியே கேட்பதும் இறங்கி நின்று கேட்பதும் ஒன்றல்ல. "எங்க இருந்து வாறீங்க தம்பி?" என்று அவர் தொடங்குவார். ஊர், வாப்பா பெயர், என்ன தொழில், ஏன் தனியே என்று விசாரணை பத்து நிமிடம் போகும். அது முடிந்த பிறகு, "இஞ்ச வேணாம், யானை வரும். நம்மட வளவுக்குள்ள அடிங்க" என்பார். கோயில் மண்டபம் ஒன்றைக் காட்டினாலும் காட்டுவார். குளிக்கவும் அவர் காட்டிய துறையில்தான் இறங்க வேண்டும், குளத்தில் முதலை உண்டு.

இந்த விருந்தோம்பலுக்கு இங்கே நீண்ட பழக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை நடந்து போகிற பாதயாத்திரைக்காரர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு தாண்டி இதே கரையால்தான் இறங்குகிறார்கள். ஒன்றரை மாதத்து நடை. தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில், உகந்தை என்று கோயில் கோயிலாகத் தங்கி, பிறகு குமனைக் காட்டுக்குள் நுழைவார்கள். 1983க்குப் பிறகு போரால் அறுந்துபோன அந்த நடையைச் சிலர் 1988இல் மீண்டும் தொடங்கினார்கள். அவர்களிடம் கூடாரம் கிடையாது. ஒரு துணி மூட்டை, ஒரு தடி, ஒரு சொம்பு. பொழுதுபட முன் ஓர் ஊருக்குள் வந்துவிடுவார்கள். வந்ததும் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். வழியில் தமிழ் ஊரென்றும் முஸ்லிம் ஊரென்றும் பாராமல் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்கும். தனிப் பயணிக்கு இந்தக் கரை எழுதி வைத்திருக்கும் சட்டம் அதுதான். சைக்கிளில் வருகிறவருக்கு அதில் மாற்றம் எதுவும் தேவையில்லை.

பெண் ஒருவர் இந்தக் கரையிலிருந்து தனியே கிளம்பினால் அந்த விசாரணை இரண்டு மடங்காக நீளும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். லண்டன்டெரி போய் நூறாண்டுக்கு மேலாயிற்று. காலையில் சைக்கிளில் பாடசாலைக்குப் போகிற ஆயிரம் பிள்ளைகளில் ஒருத்தி ஒரு நாள் சாகாமம் வரை மிதித்தால், அவளுக்கும் ஒரு வளவு திறக்க வேண்டும். அதை ஊர்தான் செய்ய வேண்டும்.

இரவில் சமைத்ததை, தின்றதை, மிஞ்சியதை என்ன செய்வது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். சாகாமத்திலிருந்து அதிகம் தூரமில்லாத பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுச் செய்தி 2022 ஜனவரியில் உலகமெங்கும் போனது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே செத்திருந்தன. வயிற்றைப் பிளந்து பார்த்தபோது சாப்பாட்டுப் பொட்டலம் சுற்றிய தாளும் பொலித்தீனும்தான். யானைக்குச் சமிக்காத அதே பொருள்தான் பயணியின் கொத்துரொட்டிப் பொதியைச் சுற்றியிருக்கிறது. வாழையிலையில் அல்லது சொந்தப் பாத்திரத்தில் வாங்கினால் அந்தக் கவலை இல்லை. வாங்கிய பொலித்தீனைக் குளத்தடியில் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. அடுத்த ஊருக்குச் சுமந்து போக வேண்டும்.

அந்த முதல் இரவு நல்ல உறக்கம் வராது. வெடிச் சத்தம், தவளை, வீட்டு நாய், கூடாரத் துணியில் கச்சானின் கடைசி மூச்சு. மூன்று மணி வாக்கில் தொடை இழுத்துப் பிடிக்கும். ஆனாலும் விடிந்தெழும்போது மூன்று விஷயம் தெரிந்திருக்கும்: எந்தப் பொருளைத் திருக்கோவிலிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பலாம், எந்தக் கம்பியை இறுக்க வேண்டும், மாலையில் யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும். பொத்துவிலுக்கு ஒரே மூச்சில் ஓடியவருக்கு இதில் மூன்றாவது கடைசிவரை தெரியாமல் போகலாம்.

இரண்டாம் நாள் திருக்கோவில் வந்து ஏ4 வீதியைப் பிடித்தால் தாண்டியடி, சங்கமன்கண்டி, கோமாரி, பொத்துவில். சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்கு எல்லை. பிள்ளையார் கோயிலடியில் நின்று மூச்சு விடலாம். பொத்துவிலுக்குப் பிறகு உகந்தை வரை சைக்கிளில் போகலாம், அதற்கப்பால் குமனைத் தேசிய வனத்துக்குள் சைக்கிளுக்கு அனுமதியில்லை. தெற்கே போகிறவர் மேற்கே திரும்பி லாகுகலை வழியாக மொனராகலைக்கு ஏற வேண்டும். லாகுகலைக் காட்டுக்குள் வீதி நுழையும் இடத்தைப் பட்டப்பகலில், மற்ற வாகனங்களோடு சேர்ந்துதான் கடக்க வேண்டும். விடிகாலையிலும் பொழுதுபட்ட பிறகும் அங்கே மிதிக்க வேண்டாம். திருக்கோவிலை விட்டால் கடைகள் குறைவு. புறப்படும் முன் நான்கு லீற்றர் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள்.